லுணுகலை ஏற்றத்தில் தெரிந்த டைமிங் பிழை

மட்டக்களப்பில் கார் ஓட்டுகிறவனுக்கு எஞ்சினின் இழுவை குறைந்துவிட்டது என்று தெரியவர வெகுகாலம் எடுக்கும். ஆரையம்பதியிலிருந்து கல்முனைக்குப் போனாலும் சரி, வடக்கே வாழைச்சேனைக்குப் போனாலும் சரி, தரை ஒரே மட்டம். மூன்றாம் கியரில் மெல்ல ஏற்றி நாலுக்குப் போட்டுவிட்டால் அரைகுறை எஞ்சினும் ஓடும். எங்கள் காரும் அப்படித்தான் இரண்டு மாதம் ஓடியிருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்குப் பதுளைக்குப் புறப்பட்ட அன்றுதான் உள்ளே இருந்த பிழை வெளியே வந்தது.

கார், அப்பா வாங்கி வைத்திருந்த 1992 மொடல் டொயோட்டா கம்ரி. சி.வி.30 உடல், 2சி-ரி எஞ்சின். 1974 சி.சி., நாலு சிலிண்டர், டேர்போ, டீசல். டீசலை அளக்கிறதும் நேரம் பார்த்துத் தெளிக்கிறதும் எல்லாம் ஒரே பம்புக்குள், முழுக்க இரும்பாலும் வில்லாலும் நடக்கிற வேலை. கணினி கிடையாது. ஸ்கேனர் கொழுவிப் பிழை எண் எடுக்க முடியாது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபிறகு இந்த மாதிரிப் பழைய கார்களை விற்க யாருக்கும் மனம் வரவில்லை. எனக்கு அப்பாவின் கார் என்ற காரணமும் இருந்தது.

செங்கலடிச் சந்தியில் கிறுகி ஏ5 வீதியில் மகா ஓயா, பதியத்தலாவை, பிபிலை வரை ஒரு குறையும் இல்லை. பிபிலையைத் தாண்டி லுணுகலைக்கு ஏறத் தொடங்கியதும் மூன்றாம் கியர் நிற்கவில்லை. இரண்டாம் கியரில் மிதித்தால் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. பின்சீட்டில் இருந்த மகன், "அப்பா, பின்னுக்கு ஒண்டும் தெரியுதில்ல" என்றான். கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைப் புகை, வீதியை மறைக்கிற அளவுக்கு. எரியாத டீசலின் வாடை கண்ணைக் கரித்தது. வெப்ப மீற்றரின் முள்ளும் வழமையைவிட மேலே போயிருந்தது. 2சி-ரி எஞ்சினின் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல்மூடி, சூட்டில் வெடிக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. ஓரத்தில் நிறுத்தி, பொனற்றைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் நின்றோம். பிறகு ஆமை வேகத்தில் பதுளை போய்ச் சேர்ந்தோம்.

வெள்ளைப் புகையும் டீசல் வாடையும் சேர்ந்து வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். கறுப்புப் புகை வேறு. அது டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று சொல்லும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டேர்போவையும் எயார் ஃபில்டரையும் காட்டும். நீலப் புகை எஞ்சின் ஒயிலைக் காட்டும். எங்களுடையது வெள்ளை. அதுவும் ரேஸ் கூடக் கூடக் கூடுகிற வெள்ளை. குளிர் எஞ்சினில் காலையில் கொஞ்சம் வந்து போகிற புகையை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. சூடான எஞ்சினில், சுமையோடு, இப்படி வந்தால் டீசல் பிந்தித் தெளிக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். பிந்தித் தெளித்தால் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் எரிதல் நடக்கும். சக்தி சில்லுக்குப் போகாமல் சூடாக எக்ஸோஸ்ற்றுக்குப் போகும். டேர்போவுக்கும் ஹெட்டுக்கும் அந்தச் சூடு கூடாது.

ஆனால் ஒரு விஷயம் ஒத்துவரவில்லை. ஐடிலில் நின்றபோது எஞ்சின் கடகடவென்று கடுமையாகத் தட்டியது. அந்தத் தட்டுச் சத்தம் டைமிங், அதாவது டீசல் தெளிக்கிற நேரம், முந்தியிருப்பதன் அடையாளம். ஒரே எஞ்சின், ஐடிலில் முந்தியிருக்கிறது, ஏற்றத்தில் பிந்தியிருக்கிறது. இந்த முரணை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் மூன்று கிழமை மிஞ்சியிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இலகுவானவற்றை முதலில் பார்த்தேன். ஃபில்டருக்குக் கீழே இருக்கிற தண்ணீர்ப் பிரிப்பானைத் திறந்து ஒரு போத்தலில் வடித்தேன். மாரி மழைக் காலம், தண்ணீர் இருக்கும் என்று நினைத்தேன். சில துளிகள்தான் வந்தன. பம்புக்குப் போகிற குழாயில் ஒரு சாண் நீளத்துக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டுப் பார்த்தேன். குமிழி வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். குமிழி இல்லை. ஸ்டார்ட் எடுக்கும்போது சிலிண்டரைச் சூடேற்றுகிற குளோ பிளக் நாலும் வேலை செய்தன. இவ்வளவும் ஒரு பின்னேர வேலை.

பிறகு சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நொசில். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நொசிலுக்கும் போகிற இரும்புக் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் மட்டும் நின்றுபோகும். எதைத் தளர்த்தும்போது எஞ்சினின் ஓட்டம் மாறவில்லையோ, அங்கேதான் பிழை. இதைச் செய்கிறபோது ஒரு தடித்த துணியை நட்டின் மேலே போட்டுக்கொள்ளுங்கள், விரலைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அந்தக் குழாய்க்குள் சதுர சென்ரிமீற்றருக்கு நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம். மெல்லிய பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு ஊசிக் குத்து மாதிரித்தான் தெரியும், கை போய்விடும். நான் நாலையும் தளர்த்திப் பார்த்தேன். நாலும் ஒரே மாதிரி எஞ்சினைத் தள்ளாட வைத்தன. ஒரு நொசில் பழுதென்றால் ஒரு சிலிண்டர் காட்டிக்கொடுத்திருக்கும். நாலும் ஒன்றாகப் பிழைத்தால் பிழை நாலுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. பொதுவான இடம் பம்ப், அல்லது அதைச் சுழற்றுகிற பெல்ட்.

டேர்போவையும் விட்டுவைக்கவில்லை. பம்பின் தலையில் ஒரு வட்டமான மூடி இருக்கும். டேர்போவின் காற்றழுத்தம் ஒரு சிறிய றப்பர்க் குழாயால் அதற்குள் வந்து ஒரு தோலை அமுக்கும், டீசலின் அளவு கூடும். அந்தக் குழாய் வெடித்திருந்தால் இழுவை குறையும், ஆனால் வெள்ளைப் புகை வராது. குழாயைக் கழற்றிச் சைக்கிள் பம்பால் மெல்ல அடித்துப் பார்த்தேன். தோல் காற்றைப் பிடித்து வைத்திருந்தது. டேர்போவின் தண்டில் ஆட்டம் இல்லை. அந்தப் பக்கத்தை மூடினேன்.

இனி பெல்ட். ஒக்டோபரில்தான் டைமிங் பெல்ட் மாற்றியிருந்தோம். இந்தக் கார்களில் 100,000 கிலோமீற்றர் வந்ததும் மீற்றர் பெட்டியில் பெல்ட்டை மாற்றச் சொல்லி ஒரு விளக்கு எரியும். அது எரிந்ததும் ஊருக்குக் கிட்ட இருக்கிற ஒரு கராஜில் கொடுத்தேன். பெல்ட், டென்ஷனர், டீசல் ஃபில்டர், பழைய றிற்றேர்ன் குழாய் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். ஒரு பல் மாறிப் போட்டிருப்பார்களோ என்று நினைத்து மேல் மூடியைக் கழற்றினேன். முதலாம் சிலிண்டரை மேலே கொண்டுவந்து, கிராங்க், காம், பம்ப் மூன்றின் குறிகளையும் பார்த்தேன். மூன்றும் சரியான இடத்தில் நின்றன. கராஜைக் குறை சொல்ல இடமில்லை என்று அப்போது நினைத்தேன்.

மூடியைத் திரும்பப் போடும்போது மச்சான் ரோர்ச் லைட்டைப் பம்பின் கழுத்துக்குப் பிடித்தான். "இஞ்ச பாருங்க மச்சான், இந்த நட்டுக்குக் கீழ பளபளக்குது." பம்பை எஞ்சினோடு பிடித்து வைக்கிற நட்டுக்குக் கீழே வொஷர் இருந்த பழைய தடம் ஓரமாக விலகி வெளியே தெரிந்தது. பம்பின் விளிம்பிலும் அதைத் தாங்குகிற தட்டிலும் ஒரு கோடு கீறியிருப்பார்கள், இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இங்கே மூன்று மில்லிமீற்றர் விலகியிருந்தது. யாரோ பம்பைச் சரித்திருக்கிறார்கள்.

இந்த வி.ஈ. வகைப் பம்பை ஒருதரம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனிச் சொல்லப்போவது விளங்காது. ஜேர்மனியின் போஷ் நிறுவனம் வடிவமைத்தது, ஜப்பானில் அதன் அனுமதியோடு செய்தார்கள். உள்ளே ஒரேயொரு பிளஞ்சர், டீசலைத் தள்ளுகிற தண்டு. அது சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய் நாலு சிலிண்டருக்கும் முறைவைத்து டீசலை அனுப்பும். 1, 3, 4, 2 என்ற வரிசை. பிளஞ்சரைத் தள்ளுவது நாலு மேடு உள்ள ஒரு தட்டு. அந்த மேடுகள் ஒரு வளையத்தில் இருக்கிற உருளைகளின் மேல் ஏறி இறங்கும். வளையத்தைத் தட்டு சுழலுகிற திசைக்கு எதிராகக் கொஞ்சம் திருப்பினால் மேடு உருளையை முந்திச் சந்திக்கும், டீசலும் முந்தித் தெளிக்கும்.

அந்த வளையத்தைத் திருப்புவது யார்? பம்பின் வயிற்றுக்குள் இருக்கிற டீசலின் அழுத்தம். உள்ளேயே ஒரு சின்ன இறகுப் பம்ப் இருக்கிறது. எஞ்சின் வேகம் கூடக் கூட அது வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டும். அந்த அழுத்தம் கீழே இருக்கிற ஒரு சிறிய பிஸ்டனை வில்லுக்கு எதிராகத் தள்ளும், பிஸ்டன் வளையத்தைத் திருப்பும். ஆகவே டைமிங்கில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒன்று பம்பைச் சரித்து நாம் வைப்பது. மற்றது எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தால் தானாக முந்துவது. முதலாவதை அளவு கருவியால் அளக்கலாம். இரண்டாவதை நின்றுகொண்டிருக்கிற எஞ்சினில் பார்க்க முடியாது.

முதலாவதை அளக்கப் போனேன். பம்பின் பின்முகத்தில், நாலு டீசல் குழாய்க்கும் நடுவில் ஒரு சிறிய போல்ட் இருக்கும். அதைக் கழற்றி, அந்த இடத்தில் டயல் கேஜ் ஒன்றைப் பொருத்தி, பிளஞ்சர் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். பொருத்துவதற்கான கருவி கடையில் இல்லை. கல்முனையில் ஒரு லேத் கடைக்கு அந்தப் போல்ட்டையே மாதிரியாகக் கொண்டுபோய்ப் பித்தளைத் தண்டில் ஒன்று கடைந்து எடுத்தேன். டயல் கேஜின் முள் பிளஞ்சரைத் தொட நீளம் போதவில்லை. லேத்காரர் மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றை வெட்டி முனை தேய்த்துக் கொடுத்தார். நல்ல வேலை. இன்றைக்கும் அந்தக் கருவி என்னிடம் எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கிறது.

அளக்கிற முறை இது. முதலாம் சிலிண்டர் மேலே வருவதற்கு 25, 30 பாகை முன்னாலேயே கிராங்கை நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் பிளஞ்சர் அடியில் கிடக்கும். கிராங்கை இங்கும் அங்கும் கொஞ்சம் அசைத்தாலும் முள் அசையக்கூடாது. அங்கே கேஜைப் பூச்சியத்தில் வைக்க வேண்டும். பிறகு எஞ்சின் சுழலுகிற திசையில் மெல்லத் திருப்பிச் சரியாக மேற்குறிக்குக் கொண்டுவந்து முள்ளைப் படிக்க வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் பின்னுக்குத் திருப்பிக் குறியில் வைத்துப் படிக்கக்கூடாது, பெல்ட்டின் தளர்வு அளவைப் பொய்யாக்கும். திரும்பவும் முதலிலிருந்து வர வேண்டும். முள் கூடக் காட்டினால் டைமிங் முந்தியிருக்கிறது, குறையக் காட்டினால் பிந்தியிருக்கிறது. கேட்கிற அளவு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. எஞ்சின் வகைக்கு வகை அது மாறும், உங்கள் எஞ்சினுக்குரிய கைந்நூலில் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்து வான்காரரின் அளவை வைக்க வேண்டாம்.

முதல்முறை படித்த அளவு கைந்நூல் கேட்டதைவிட ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் கூட இருந்தது. அவ்வளவு முந்தியிருந்தால் எஞ்சின் உடைந்திருக்கும். நம்ப முடியவில்லை. மச்சான் கிராங்கைத் திருப்ப நான் படித்தேன், பிறகு நான் திருப்ப அவன் படித்தான். அதே எண். இரவு கைந்நூலைத் திரும்ப வாசித்தபோதுதான் விட்ட பிழை தெரிந்தது. இந்தப் பம்பின் பக்கத்தில், ரேடியேற்றர்த் தண்ணீர் ஓடுகிற ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. உள்ளே மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு சுருங்கும், ஒரு கைபிடி இழுபடும், அது உருளை வளையத்தை முன்னுக்குத் திருப்பி வைக்கும். காலையில் ஸ்டார்ட் இலகுவாக வருவதற்கான ஏற்பாடு. சூடேறினால் விட்டுவிடும். குளிர் நாட்டுக்குச் செய்த சாமான் நம் ஊரில் வேலை செய்யாது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. இரவு முழுக்க நின்ற எஞ்சின் நம் ஊர் வெயிலிலும் அதற்குக் குளிர்தான். அளக்கும்போது அந்தக் கைபிடியைத் திருப்பி, இடையில் ஒரு இரும்புத் துண்டைச் சொருகி, வளையத்தை விடுவித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

அடுத்த நாள் அப்படியே செய்தேன். இப்போது 0.22 மி.மீ. கூட. இதை நம்பினேன், ஏனென்றால் விலகிநின்ற கோடும் அதே பக்கத்தைத்தான் காட்டியது. பம்ப் உண்மையிலேயே முந்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஐடிலில் தட்டுச் சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

சரிசெய்வது கடினமில்லை. நாலு டீசல் குழாயின் நட்டையும் பம்பின் பக்கத்தில் முதலில் தளர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். பம்பைப் பிடித்திருக்கிற நட்டுகளைத் தளர்த்தி, பம்பின் உடலை அதன் அச்சு சுழலுகிற திசையில் சரித்தால் டைமிங் பிந்தும், எதிர்த் திசையில் சரித்தால் முந்தும். மயிரிழை மயிரிழையாகச் சரித்து, நட்டை இறுக்கி, திரும்ப அளக்க வேண்டும். இறுக்கும்போதே முள் கொஞ்சம் ஓடும். நான் ஐந்து தரம் செய்தேன். ஐந்தாவது தரம் கைந்நூலின் அளவுக்குள் வந்தது. கீறிய கோடும் நேருக்கு நேர் வந்து நின்றது. நடுப் போல்ட்டுக்குப் புதுச் செப்பு வொஷர் போட்டு மூடினேன்.

ஸ்டார்ட் பண்ணினோம். தட்டுச் சத்தம் போய்விட்டது, எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஆனால் அடுத்த நாள் காலை ஸ்டார்ட் எடுக்க பற்றறி தீர்கிற அளவுக்கு நேரம் எடுத்தது. ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டு மாமி கதவைச் சாத்திக்கொண்டார். வீதியில் எடுத்துப் பார்த்தால் இழுவை முன்னையதைவிட மோசம்.

அந்தக் காலையில் என் கை திரும்பப் பம்பைச் சரிக்கத்தான் போனது. கொஞ்சம் முன்னுக்கு வைத்தால் புகை குறையும், ஸ்டார்ட் வரும் என்று தெரியும். அப்படி ஒருவர் ஏற்கெனவே வைத்திருக்கிறார் என்பதும் இப்போது தெரியும். அதனால்தான் நிறுத்தினேன். அளவு சரி, கோடு சரி, பெல்ட் சரி. அப்படியிருந்தும் பிந்துகிறதென்றால் நான் அளக்காத இரண்டாவது பங்கில்தான் பிழை. ஓடும்போது தானாக முந்த வேண்டியது முந்தவில்லை.

அதற்கு அர்த்தம் வயிற்றழுத்தம் இல்லை. எனக்குப் பயம் வந்தது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வருவதற்கு முன்னால், கேனில் கிடைத்த டீசலை எல்லாம் ஊற்றி ஓடியிருந்தோம். அதில் மண்ணெண்ணெய் கலந்திருந்ததா என்று யாருக்குத் தெரியும்? இந்தப் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது. டீசலின் வழுவழுப்பில்தான் அதன் உயிர். மண்ணெண்ணெய் ஓடினால் இறகுகள் தேயும், அழுத்தம் விழும். அப்படியென்றால் பம்பைக் கழற்றி முழுக்கப் பிரிக்க வேண்டும்.

காத்தான்குடியில் டீசல் பம்ப் திருத்துகிற ஒரு பம்ப் ரூம் வைத்திருக்கிற காக்காவிடம் போனேன். அப்பாவின் காலத்திலிருந்தே தெரிந்தவர். நடந்ததை எல்லாம் சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டார்.

"தம்பி, டயல் வெச்சுப் பாத்தது நல்லம். பம்புக்குள்ள பிரஷர் பாத்தீங்களா?"

"இல்லக் காக்கா. அதுக்கு எனக்கிட்ட சாமான் இல்ல."

"அத பாக்காம பம்பக் கழட்டப்படாது. காரக் கொண்டு வாங்க. மறுகா பேசுவம்."

காரைக் கொண்டுபோனேன். காக்கா ஒரு அழுத்த மீற்றரை எடுத்தார். அதன் அடியில், பழைய பம்ப் ஒன்றின் றிற்றேர்ன் போல்ட்டைத் துளைத்து ஒட்டவைத்த ஒரு பொருத்தி. பம்பின் மேலே, மிஞ்சிய டீசல் தாங்கிக்குத் திரும்பிப் போகிற குழாயைப் பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதைப் பூட்டினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார்.

ஒரே இழுப்பில் ஸ்டார்ட் வந்தது. மீற்றர் ஐடிலில் மூன்றரைக் கிலோவில் நின்றது. ரேஸ் கொடுக்கக் கொடுக்க முள் ஏறியது, ஆறைத் தாண்டியது. பம்பின் வயிற்றழுத்தம் குறையில்லாமல் இருந்தது. நான் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காக்கா சைலன்சரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, புகை எங்க?"

புகை இல்லை. ரேஸ் கொடுத்தேன், இல்லை. திரும்பக் கொடுத்தேன், கொஞ்சம் கறுப்பாக ஒரு மூச்சு வந்து போனது, டேர்போ டீசல் ஒன்றுக்கு வரவேண்டிய மாதிரி. பம்பில் கைவைக்கவில்லை, டைமிங்கில் கைவைக்கவில்லை. மாறியது ஒரே ஒரு சாமான்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேசையில் கிடந்த அந்தப் போல்ட்டைப் பார்த்தோம்.

றிற்றேர்ன் போல்ட் வெறும் போல்ட் இல்லை. அதன் தலையில் ஆங்கிலத்தில் 'அவுட்' என்று பொறித்திருக்கும். டீசல் உள்ளே வருகிற பக்கத்துப் போல்ட்டும் இதுவும் பார்வைக்கு ஒரே மாதிரி, திருகும் ஒரே அளவு. உள்ளே வருகிற போல்ட்டின் துளை பென்சில் முனை நுழைகிற அளவு. திரும்பிப் போகிற போல்ட்டின் துளை ஊசித்துவாரம். அந்த ஊசித்துவாரம்தான் டீசல் வெளியே ஓடிவிடாமல் தடுத்து வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கட்டி வைக்கிறது. கழற்றிய போல்ட்டைக் காக்கா ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். துளைக்குள்ளால் வெளிச்சம் முழுதாக வந்தது. தலையில் எழுத்து இல்லை. இறகுப் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் டீசல் தடையில்லாமல் தாங்கிக்குத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. அழுத்தம் இல்லை, சிறிய பிஸ்டன் நகரவில்லை, வளையம் திரும்பவில்லை. வேகம் கூடக் கூட டைமிங் முந்துவதற்குப் பதிலாக இருந்த இடத்திலேயே நின்றிருக்கிறது. ஏற்றத்தில் வெள்ளைப் புகை அதனால்தான். ஐடிலில் தட்டியது, அந்தக் குறையை மறைக்கப் பம்பைச் சரித்ததால்.

காக்கா உடைந்த பம்புகள் கிடந்த பெட்டியைக் கிளறி, எழுத்துப் பொறித்த போல்ட் ஒன்றை எடுத்தார். டீசலில் கழுவி, ஊசித்துவாரத்தைக் காற்றால் ஊதி, இரண்டு புதுச் செப்பு வொஷரோடு பூட்டினார். போல்ட்டுக்குக் காசு எடுக்கவில்லை. மீற்றர் வைத்ததற்கு மட்டும் எடுத்தார். "பம்பக் கழட்டியிருந்தா ஒரு கிழம போயிருக்கும் தம்பி. மறுகா இந்தப் போல்ட்டத்தான திரும்பப் பூட்டியிருப்பீங்க" என்றார்.

வீட்டில் இன்னொரு சோதனையும் செய்தேன், மீற்றர் இல்லாதவர்களுக்கு உதவும் என்று நினைத்து. றிற்றேர்ன் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, எஞ்சினை ஐடிலில் சரியாக ஒரு நிமிடம் ஓடவிட்டேன். எழுத்தில்லாத போல்ட்டோடு அரை லீற்றருக்கு மேல் வந்தது, குழாயிலிருந்து பீச்சி. சரியான போல்ட்டோடு கால் லீற்றரை ஒட்டித்தான், அமைதியாக ஒழுகியது. மணிக்கூடும் போத்தலும் போதும். டீசல் சூடான எஞ்சினில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்புக்கு வருகிற பக்கத்தில் ஊசித்துவாரப் போல்ட் மாறிப் பூட்டுப்பட்டிருந்தால் கதை வேறு மாதிரி இருக்கும்: ஐடிலில் ஓடும், மிதித்தால் பட்டினி கிடந்து நின்றுவிடும். குழாய் மாற்றிய பிறகு இழுவை போன எந்தப் பழைய டீசலிலும் இந்த இரண்டு போல்ட்டையும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நான் அதை முதலில் செய்யாமல் கடைசியில் செய்தேன்.

போல்ட் மாற்றியபின் ஒரு தரம் டயல் கேஜைத் திரும்ப வைத்து அளந்தேன். வைத்த அளவு அசையவில்லை. மெழுகுப் பெட்டி கொஞ்சம் சோம்பல், சூடேறிய பிறகும் கைபிடியை விட நேரம் எடுக்கிறது. அதை மாற்ற வேண்டும். கொழும்பில், வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிறு, மச்சானும் நானும் மட்டும் லுணுகலை வரை போய் வந்தோம். அதே ஏற்றம், அதே வளைவுகள். மூன்றாம் கியரில் ஏறியது. டேர்போவின் விசில் பல மாதங்களுக்குப் பிறகு காதில் விழுந்தது. வெப்ப மீற்றரின் முள் நடுவை விட்டு அசையவில்லை. மேலே நிறுத்தி, பொனற்றைத் திறந்து, புதுச் செப்பு வொஷரைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை.

திங்கட்கிழமை அந்த எழுத்தில்லாத போல்ட்டை எடுத்துக்கொண்டு பெல்ட் மாற்றிய கராஜுக்குப் போனேன். சண்டைக்கு இல்லை. வேலை செய்த தம்பி போல்ட்டைக் கையில் வாங்கியதும் முகம் மாறிவிட்டது. பழைய போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்ததாம், கழற்றும்போது தலை அறுந்துவிட்டதாம். பெட்டிக்குள் அதே திருகில் கிடந்த ஒன்றைப் பூட்டியிருக்கிறான். காலையில் புகை வந்ததால் டைமிங் பிந்திவிட்டது என்று நினைத்துப் பம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சரித்திருக்கிறான். ஊசித்துவாரத்தை அவனுக்கு யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் எழுத்துப் பொறித்த போல்ட்டின் படத்தைத் தொலைபேசியில் காட்டினேன், அவன் அதை வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு போல்ட் கிடந்தது" என்றான். "மத்தத கொக்கட்டிச்சோலைப் பக்கத்து டவுன்ஏஸ் வான் ஒண்டுக்குப் போட்டன்."

நான் நிற்கும்போதே அந்த வான்காரருக்கு அழைப்பு எடுத்தான். வான் இழுக்கிறதில்லை என்று அவர் ஏற்கெனவே பம்பைக் கழற்ற நாள் குறித்திருந்தார்.